வொர்க்_பெண்டிங் பார்த்துட்டு நடையைக் கட்டும் புண்ணியவான்களுக்கு

டிஸ்கி: இது முழுக்க முழுக்க ஆணி பதிவு. கெர்னல் இருக்கிற திசையில தலை வெச்சுக்கூட படுக்காதவங்க, நடுவுல வர்ற இஸ்திரிக்காரர் கதையை மட்டும் படிச்சுட்டு ஓடிடலாம். கோவிச்சுக்க மாட்டேன்.

போன வாரம் டீக்கடையில ஒரு சண்டை. நண்பர் என்னை மாதிரியே பொட்டி தட்டறவர்தான், ஆனா ஆறேழு வருஷம் சீனியர். பேச்சு எங்கெங்கேயோ போய் கடைசில நான் ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்ட ஒரு பக்ல வந்து நின்னுச்சு. அவர் வடையைப் பிச்சுக்கிட்டே சொன்னார்: "யோவ், க்யூ_வொர்க் ஃபால்ஸ்னு திரும்பி வந்தா ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம். ஒண்ணுமே நடக்காததுக்கு எதுக்குய்யா மெமரி ஆர்டரிங் கேரண்டி?"

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா கடையில வெச்சு ஒழுங்கா பதில் சொல்ல வாய் வரலை. இது அவர் ஒருத்தரோட கருத்தா இருந்தா விட்டுத் தொலைச்சிருப்பேன். நான் பார்த்த கோட் ரிவ்யூல பாதிப் பேர் இதையேதான் சொல்றாங்க. லினக்ஸ் கெர்னலோட ஆவணத்துலயே கொஞ்ச வருஷம் இது எழுதியிருந்தது. அதனால நம்ம சொந்த வீட்டுல வந்து கத்தறேன்.

முதல்ல கதை என்னன்னு சுருக்கமா. இன்டரப்ட் வந்த இடத்துல நின்னுக்கிட்டு எல்லா வேலையும் செய்ய முடியாது. அவசரமானதை மட்டும் முடிச்சுட்டு மீதியை இன்னொருத்தர் தலையில கட்டணும். அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் வேற சிபியுல ஓடற ஒரு த்ரெட். லினக்ஸ்ல இதுக்கு வொர்க்க்யூ இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் பெண்டிங்னு ஒரு பிட். க்யூ_வொர்க் கூப்பிட்டா அது டெஸ்ட்_அண்ட்_செட்_பிட் பண்ணும். பிட் 0ல இருந்து 1 ஆனா வேலையை வரிசையில சேர்த்துட்டு ட்ரூ சொல்லும். ஏற்கனவே 1 ஆ இருந்தா ஒண்ணும் சேர்க்காம ஃபால்ஸ் சொல்லும். அந்தப் பக்கம் வேலைக்காரர் வேலையை எடுத்ததும் முதல்ல பிட்டை அழிப்பார், அதுக்கப்புறம்தான் நம்ம ஃபங்ஷனைக் கூப்பிடுவார்.

இதுல வம்பு எங்க இருக்குன்னு புரிய எங்க அபார்ட்மென்ட் வாசல் இஸ்திரி வண்டிக்கு வாங்க.

அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, சும்மா சும்மா மாடி ஏற முடியாது. அதனால ஒரு ஏற்பாடு. துணியைக் கூடையில போட்டுட்டு பால்கனிக் கம்பியில ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டணும். அது கண்ணுல பட்டா அவர் மேல வருவார். வந்ததும் முதல்ல ரிப்பனை அவிழ்ப்பார், அப்புறம் கூடையைக் காலி பண்ணுவார். எங்க வீட்டுல நாலு பேர். நான் சட்டையைப் போட வர்றப்ப வேற யாராவது ஏற்கனவே ரிப்பன் கட்டியிருந்தா, நான் மறுபடி கட்ட வேண்டாம், போயிடலாம்.

இந்த ஏற்பாடு ஒழுங்கா நடக்க ரெண்டே கண்டிஷன். நான் முதல்ல சட்டையைப் போடணும், அப்புறம் ரிப்பனைப் பார்க்கணும். அவர் முதல்ல ரிப்பனை அவிழ்க்கணும், அப்புறம் கூடையைப் பார்க்கணும். ரெண்டு பேரும் இந்த வரிசையை மாத்தாம இருந்தா, ஒண்ணு நான் ரிப்பன் இல்லாததைப் பார்த்துக் கட்டுவேன், இல்லைன்னா அவர் என் சட்டையைப் பார்ப்பார். ரெண்டும் நடக்காம போக வழியே இல்லை.

இப்ப நான் கையில சட்டையோட ஹால்ல நின்னுக்கிட்டே எட்டிப் பார்க்கறேன். ரிப்பன் கட்டியிருக்கு, சரி. அந்த நேரத்துல போன் வருது. பேசிட்டு வர்றதுக்குள்ள அண்ணாச்சி வந்து ரிப்பனை அவிழ்த்து, கூடையைக் காலி பண்ணி, இறங்கியும் போயாச்சு. நான் வெறும் கூடையில சட்டையைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கப் போறேன். ரிப்பன் இல்லை, அவர் வரப் போறதும் இல்லை. திங்கட்கிழமை காலைல சட்டை கசங்கிப் போய் அங்கேயே கிடக்கு.

நண்பர் சொன்ன "ஒண்ணுமே நடக்கலை" இருக்கே, அது இதுதான். ரிப்பன் கட்டியிருக்குன்னு பார்த்துட்டு நான் போறேன்னா, இனிமே நடக்கப் போற விஷயத்தை நம்பிப் போறேன். ட்ரூ வந்தா வேலையை நானே வரிசையில சேர்த்திருக்கேன். ஃபால்ஸ் வந்தா வேற யாரோ எப்பவோ சேர்த்த வேலை என்னோட சரக்கையும் சேர்த்து எடுத்துக்கும்னு நம்பறேன். எது பெரிய நம்பிக்கை? எதுக்கு அதிக காவல் வேணும்? சொல்லுங்க மக்களே.

"சரிப்பா, கோட்ல நீ சட்டையை முதல்ல போட்டுட்டுத்தானே ரிப்பனைப் பார்க்கற"ன்னு கேப்பீங்க. கோட்ல ஆமா. ப்ராசஸர்ல இல்லை. நீங்க எழுதற மதிப்பு நேரா மெமரிக்குப் போறதில்லை. ஸ்டோர் பஃபர்னு ஒரு சின்னத் திண்ணையில கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும். அது திண்ணையில இருக்கும்போதே அடுத்த வரியில இருக்கிற படிப்பு நடந்து முடிஞ்சுடும். அதாவது கையில சட்டையோட ஹால்ல இருந்து எட்டிப் பார்க்கற வேலையை ஹார்டுவேரே நமக்காக செஞ்சு வெச்சுடும். இது ஒண்ணும் புதுசு இல்லை. டெக்கரோட அல்காரிதம் 1960கள்ல வந்தது, அதுவும் இதே வடிவம்தான்: ஆளுக்கு ஒண்ணை எழுதி, அடுத்தவன் எழுதினதைப் படிக்கறது. இன்னைக்கு இதுக்கு ஸ்டோர் பஃபரிங்னு பேர். ரெண்டு பக்கமும் முழு பேரியர் போட்டாத்தான் அடங்கும். ஒரு பக்கம் மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லை.

இங்கதான் அடுத்த கோஷ்டி கையைத் தூக்கும். "எக்ஸ்86ல இதெல்லாம் பிரச்சனையே இல்லை தல, ஆர்ம்லதான்." தப்பு. எக்ஸ்86 அனுமதிக்கிற முக்கியமான வரிசை மாற்றமே இதுதான், முன்னால எழுதினதைத் தாண்டி பின்னால இருக்கிற படிப்பு முந்திக்கறது. இன்டெல் மேனுவல்லயே இருக்கு. அங்க க்யூ_வொர்க் தப்பிக்கறதுக்குக் காரணம் டெஸ்ட்_அண்ட்_செட்_பிட்டுக்குள்ள லாக் போட்ட ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு. பிட் மாறினாலும் மாறாட்டாலும் அது முழு பேரியரா நடந்துக்கும். காப்பாத்தறது அந்த ஒரு இன்ஸ்ட்ரக்ஷன். எக்ஸ்86னு பேர் வெச்ச புண்ணியம் இல்லை.

இன்னொரு கோஷ்டி "ரிலீஸ், அக்வயர் போட்டுட்டேன், போதும்"னு சொல்லும். அதுவும் இந்த வடிவத்துக்கு ஆகாது. ரிலீஸ் அதுக்கு முன்னால இருக்கறதைக் கட்டும், அக்வயர் பின்னால இருக்கறதைக் கட்டும். எழுத்துக்கு அப்புறம் வர்ற வேற ஒரு படிப்பை ரிலீஸ் கட்டாது. ஓட விட்டுடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கறவங்களுக்கு நடந்த ரெண்டு கதை.

2016ல இஸ்திரிக்காரர் பக்கம் ஓட்டை. வொர்க்க்யூ கோட்ல பெண்டிங் பிட்டை அழிச்சதுக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடறதுக்கும் நடுவுல முழு பேரியர் இல்லை. ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற படிப்பு, பிட்டை அழிக்கறதுக்கு முன்னாலேயே நடந்துடலாம். பிளாக் லேயர்ல மல்டி க்யூ வழியா போன ஐஓ ரிக்வெஸ்ட் அப்படியே தொங்கிப் போச்சு. வரிசையில இருக்கு, எடுக்க ஆள் இல்லை. ரோமன் பென் கண்டுபிடிச்சு ஒரு எஸ்எம்பி_எம்பி சேர்த்தார். அதுக்கு மேல அவர் எழுதின கமென்ட்ல எந்த சிபியு எந்த வரியில என்ன பார்க்கும்னு படம் போட்ட மாதிரி இருக்கும். கெர்னல் சோர்ஸ்ல நான் ரசிச்சுப் படிச்ச கமென்ட்கள்ல அது ஒண்ணு. வேலையை வரிசையில சேர்க்கற சிபியு, பிட் இன்னும் இருக்கேன்னு நம்பி விட்டுட்டுப் போறதை அதுல அப்படியே சொல்லியிருப்பார்.

ரெண்டாவது கதை என் பக்கம், அதாவது சட்டை போடறவன் பக்கம். இது இன்னும் கொடுமை. 2018ல பிட் ஆபரேஷன்களோட பொதுவான கோடைத் திருத்தி எழுதினப்ப ஒரு குறுக்குவழி உள்ள வந்துச்சு. டெஸ்ட்_அண்ட்_செட்_பிட்ல முதல்ல சும்மா ஒரு படி, பிட் ஏற்கனவே 1 ஆ இருந்தா அப்படியே திரும்பிடு. ஆர்ம்64ம் அந்தப் பொதுக் கோடுக்கே மாறிச்சு. சும்மா படிக்கறதுல ஒரு பேரியரும் கிடையாது. அதே வருஷம் ஆவணத்துலயும் எழுதினாங்க: பிட் மாறலைன்னா அந்த ஆபரேஷன் தோல்வி, தோல்விக்கு ஆர்டரிங் கிடையாதுன்னு. அதே சோர்ஸ் மரத்துல இன்னொரு ஹெடர் ஃபைல்ல இருக்கிற கமென்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? இது முழு பேரியர் உள்ள ஆபரேஷன்னு, நிபந்தனை எதுவும் இல்லாம. ஒரே வீட்டுல அப்பா ஒண்ணு சொல்றார், அம்மா ஒண்ணு சொல்றாங்க, நாலு வருஷமா யாரும் கேட்கலை.

ஆப்பிளோட எம்1 சிப்ல லினக்ஸ் ஓட ஆரம்பிச்சதும் குட்டு உடைஞ்சுது. அந்த சிப் வரிசை மாத்தறதுல பயங்கர கில்லாடி. டிடிஒய் லேயர்ல வந்த டேட்டா சில சமயம் யூசர் ப்ரோக்ராமுக்குப் போய்ச் சேரலை. டிடிஒய் கோட் அப்பாவி. டேட்டா எவ்வளவு இருக்குன்னு ரிலீஸ் போட்டு எழுதிட்டு க்யூ_வொர்க் கூப்பிடுது. அந்தப் பக்கம் அக்வயர் போட்டுப் படிக்குது. எல்லாம் மரியாதையாத்தான் இருக்கு. க்யூ_வொர்க்குக்குள்ள இருந்த குறுக்குவழிதான் ரிப்பனை ஹால்ல இருந்து பார்த்துட்டு வந்துடுச்சு. 2022 ஆகஸ்ட்ல ஹெக்டர் மார்ட்டின் பேட்ச் போட்டார், யோசனை லினஸ் டோர்வால்ட்ஸ்னு அதுலேயே குறிப்பு இருக்கு. பேட்ச் என்ன பண்ணுச்சு? குறுக்குவழியைத் தூக்கிடுச்சு, அவ்வளவுதான். கூடவே ஆவணத்துல, தோல்விக்கு ஆர்டரிங் இல்லைங்கற சலுகையை லாக் வகைக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. அது நியாயம். பூட்டு கிடைக்கலைன்னா உள்ள போக மாட்டோம், அதனால அங்க நிஜமாவே ஒண்ணும் நடக்கலை.

இந்த வித்தியாசத்தைத்தான் நண்பர் கோட்டை விடறார். பூட்டுல தோல்வி தோல்விதான். பெண்டிங் பிட்ல தோல்விங்கற வார்த்தையே பொருந்தாது. ரெண்டுக்கும் ஒரே டெஸ்ட்_அண்ட்_செட்ங்கறதால ஒரே கணக்குல எழுதினா டிடிஒய் தொங்கத்தான் செய்யும்.

"அதான் 2022லேயே சரி பண்ணிட்டாங்களே, இப்ப எதுக்கு ஒப்பாரி?"

ஏன்னா அந்தக் குறுக்குவழியை நாம இன்னைக்கும் கையால எழுதிக்கிட்டு இருக்கோம். வொர்க்_பெண்டிங் 1 இல்லைன்னா மட்டும் க்யூ_வொர்க் கூப்பிடுன்னு ஒரு இஃப். இந்த வரியை நீங்க பார்த்திருப்பீங்க. சில பேர் எழுதியிருப்பீங்க. நானும் எழுதினேன். வொர்க்_பெண்டிங்னா உள்ள வெறும் டெஸ்ட்_பிட். ஒரு பேரியரும் கிடையாது. கெர்னல் எவ்வளவு சுத்தமா பேரியர் போட்டு வெச்சாலும், நம்ம இஃப் வாசல்லயே திருப்பி அனுப்பிடுது. இது எக்ஸ்86லயும் உடையும். அந்த லாக் போட்ட இன்ஸ்ட்ரக்ஷன் பக்கமே நாம போறதில்லையே.

என் கதை: ஒரு ஆர்ம் போர்டு, சீரியல் வழியா ஒரு கருவியில இருந்து பாக்கெட் வரும். இன்டரப்ட் ஹேண்ட்லர் கேஃபிஃபோல தள்ளும், வொர்க் ஃபங்ஷன் எடுத்துப் பார்க்கும். எழுத ஒருத்தர், படிக்க ஒருத்தர்னா கேஃபிஃபோக்கு லாக் வேண்டாம், அதனால நானும் போடலை. நான் முதல்ல க்யூ_வொர்க் மட்டும்தான் எழுதியிருந்தேன். ரிவ்யூல ஒரு பெரியவர் "ஏற்கனவே பெண்டிங்ல இருக்கிறதை எதுக்குத் திரும்பக் கூப்பிடற, செக் பண்ணு"ன்னார். அட ஆமால்லன்னு நானும் தலையை ஆட்டிட்டு சேர்த்தேன். அவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, கை என்னுது.

அப்புறம் எப்பவாவது, நாலு நாளைக்கு ஒரு தரம், கடைசி பாக்கெட் வராது. கவனிங்க, கடைசி பாக்கெட். அதுக்கப்புறம் இன்னொண்ணு வந்தா ரெண்டும் சேர்ந்து வந்துடும். ஏன்னா அடுத்த இன்டரப்ட் மறுபடி ரிப்பன் கட்டிடும், அண்ணாச்சி வந்து பழைய சட்டையையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுவார். ராத்திரி முழுக்க லோடு கொடுத்து ஓட்டினா டெஸ்ட் பச்சையா பாஸ் ஆகும். லோடு இருக்கும்போது தொலைஞ்சதை அடுத்தது மூடி மறைச்சுடுது. அமைதியா இருக்கும்போதுதான் மாட்டும். மூணு கேபிள் மாத்தினோம். கருவியை அனுப்பின கம்பெனிக்குக் காரமா ஒரு மெயில் போட்டோம். பிரின்ட்கே ஒண்ணு போட்டுப் பார்க்கலாம்னு போட்டா பக் காணாமப் போயிடும், எடுத்தா வந்துடும். பிரின்ட்கேக்குள்ள இருக்கிற லாக்கும் தாமதமும் ஸ்டோர் பஃபரைக் கழுவி விட்டுடுது. அப்ப அது தெரியாம "பிரின்ட்கேயை அப்படியே விட்டுடலாமே"ன்னு ஒரு யோசனை மீட்டிங்ல சீரியஸா வந்துச்சு. அவ்வ்வ்.

கடைசில அந்த இஃபைத் தூக்கினோம். ஒரு வரி. மூணு வாரமா கேபிள் மேல பழி போட்டதுக்கு யாரும் கேபிள்கிட்ட மன்னிப்பு கேட்கலை.

நியாயமா எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். பிட் ஏற்கனவே 1 ஆ இருக்கும்போதும் அடாமிக் ஆபரேஷன் அந்த கேஷ் லைனைத் தன் பக்கம் இழுத்துக்கும். பத்து சிபியு அடிச்சுக்கிட்டா லைன் இங்கயும் அங்கயும் பறக்கும். சும்மா படிச்சா எல்லாரும் பகிர்ந்துக்கலாம். 2018 குறுக்குவழியோட நோக்கம் இந்த வகை சேமிப்புதான், முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு நிஜமாவே அந்தக் கஷ்டம் இருந்து, அளந்தும் பார்த்துட்டீங்கன்னா, எழுதினதுக்கும் வொர்க்_பெண்டிங் பார்க்கறதுக்கும் நடுவுல எஸ்எம்பி_எம்பி போட்டுட்டு இஃபை வெச்சுக்கோங்க. அது சரியான கோட். டேட்டாவை எழுதறவரும் படிக்கறவரும் ஒரே ஸ்பின்லாக்கை எடுத்தாலும் தப்பிச்சுடலாம், பாதி டிரைவர்கள் அப்படித்தான் தெரியாமலேயே பிழைச்சுக்கிட்டு இருக்கு. ஆனா நான் பார்த்த இஃப்கள்ல ஒருத்தர்கூட எதையும் அளந்துட்டு எழுதலை. என்னையும் சேர்த்துத்தான். பார்க்க நல்லா இருக்குன்னு எழுதினோம்.

எனக்கு நிஜமான கோபம் எழுத்துல இருக்கிற ஓரவஞ்சனை மேல. வெயிட்க்யூ_ஆக்டிவ்னு ஒரு ஃபங்ஷன், இதே குணம், இதே ஆபத்து. அதுக்கு மேல கமென்ட்ல, தப்பா உபயோகிச்சா எப்பவாவது மட்டும் தலை காட்டற, காரணம் புரியாத கோளாறு வரும்னு எச்சரிக்கை எழுதி, என்ன பேரியர் போடணும்னும் சொல்லியிருக்காங்க. பேரியரை உள்ளேயே வெச்ச டபிள்யூக்யூ_ஹேஸ்_ஸ்லீப்பர்னு ஒண்ணும் பக்கத்துலயே இருக்கு. ஐஆர்க்யூ_வொர்க் கோட்ல, ஏற்கனவே பெண்டிங்ல இருந்தா இன்டரப்ட் அனுப்ப வேண்டாம், எதிர்ப்பக்கத்துல இருக்கிற பேரியர் நாம முன்னால செஞ்சதை எல்லாம் காட்டிடும்னு அந்த வரிக்கு மேலயே எழுதியிருக்கு. நெட்வொர்க் நேப்பி ஒருபடி மேல. 2017ல இருந்து, ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா மிஸ்ட்னு ஒரு பிட் வெச்சுட்டுப் போகும், முடிக்கறவர் அதைப் பார்த்து மறுபடி ஓடுவார்.

வொர்க்_பெண்டிங்குக்கு? இந்த வேலை பெண்டிங்ல இருக்கான்னு பார்க்கும்னு ஒரு வரி. முடிஞ்சுது. க்யூ_வொர்க்குக்கு 2020ல ஆண்ட்ரியா பாரி ஆர்டரிங் குறிப்பு ஒண்ணு சேர்த்தார், அதுவரைக்கும் அதுவும் இல்லை, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்தக் குறிப்பு ட்ரூ வந்தா என்னன்னு மட்டும் சொல்லுச்சு. ட்ரூ வந்துச்சுன்னா முன்னால எழுதினதெல்லாம் வேலை செய்யற சிபியுக்குத் தெரியும். ஃபால்ஸ் வந்தா? மூச்சு இல்லை. பிட்டை 1 ஆ பார்த்துட்டேன்னா, அழிக்கறது அதுக்கு அப்புறம்தான் நடக்கும், நடுவுல ரெண்டு பக்கமும் முழு பேரியர் இருக்கு, அதனால இனி வர்ற ஓட்டம் என் சரக்கைப் பார்த்தே ஆகணும். இதை எழுத எவ்வளவு நேரம் ஆகப் போகுது? படிக்கறவன் ட்ரூவைப் பத்தி மட்டும் இருக்கிறதைப் பார்த்து, ஃபால்ஸுக்கு ஒண்ணும் கிடையாது போலன்னு முடிவு கட்டிட்டு, அப்ப வெளிய நாமே செக் பண்ணினா என்னன்னு இஃப் எழுதறான். நண்பர் டீக்கடையில பேசினதோட வேர் இங்கதான் இருக்கு.

யாராவது என்னை நம்பலைன்னா நம்ப வேண்டாம். கெர்னல் சோர்ஸ்லயே டூல்ஸ் டைரக்டரிக்குள்ள மெமரி மாடல்னு ஒண்ணு 2018ல இருந்து இருக்கு. அதுல இதே வடிவத்துக்கு ரெண்டு லிட்மஸ் டெஸ்ட், ஒண்ணு பேரியர் இல்லாம, ஒண்ணு பேரியரோட. ஹெர்ட்7ங்கற கருவியில ஓட்டுங்க. முதலாவது "சில சமயம்"னு சொல்லும், ரெண்டாவது "ஒருபோதும் இல்லை"ன்னு சொல்லும். சில வினாடிதான் ஆகும். நண்பருக்கு வாட்சப்ல அனுப்பினேன். "சில சமயம்தானே"ன்னு பதில் வந்துச்சு.

நேத்து எங்க டிரைவர் மரத்துல க்ரெப் போட்டேன். வொர்க்_பெண்டிங் பார்த்துட்டு க்யூ_வொர்க் கூப்பிடற இடம் இன்னும் நாலு இருக்கு. ஒண்ணுல ரெண்டு பக்கமும் ஸ்பின்லாக், அது பிழைச்சுக்கும், இருந்தாலும் எடுத்துட்டேன். இன்னொண்ணையும் எடுத்தாச்சு. மீதி ரெண்டு ரிவ்யூல நிக்குது, "ஏற்கனவே க்யூல இருந்தா எதுக்குத் திரும்பக் கூப்பிடணும்?"னு அதே கேள்வியோட. நாளைக்குக் காலைல அங்க இந்தப் பதிவோட லிங்க்கை ஒட்டப் போறேன்.